எட்டாயிரம் சுற்று

எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர், உழவுக்குப் போகாததும் வண்டியில் பூட்டப்படாததும் சந்தைக்கு அனுப்பப்படாததுமான காளை ஒன்றேனும் தம் தொழுவத்தில் நிற்காமல் இருபது வருஷங்களாக ஒரு நாளும் விடிந்ததில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர். ஐப்பசி பிறந்ததுமே அதற்குப் பருத்திக்கொட்டை அரைத்து ஊட்டி, கண்மாயில் நீந்தப் பழக்கி, மண்மேட்டில் கொம்பைப் பாய்ச்சப் பழக்கி, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் முனியாண்டி கோயில் காளை முதலில் வாடிவாசலைத் தாண்டியபின் தம்முடையதும் தாண்டப்போகிற அந்தச் சில கணங்களுக்காகவே வருஷம் முழுவதையும் செலவிடுகிறவர். அவர் சென்ற வாரம் ஏதோ காரியமாக என் வீட்டு மாடிக்கு வந்தார், சுவரில் வரிசையாகத் தொங்கும் மின்சாரக் கித்தார்களை ஒரு முறை எண்ணினார், "எட்டு இருக்கேப்பா! கை ரெண்டுதானே இருக்கு?" என்று கேட்டார்.

கேள்வியில் பரிகாசம் இல்லை. ஓர் அபிமானி இன்னோர் அபிமானியிடம் விவரம் அறிய விரும்பிக் கேட்டது அது. ஆகவே நானும் வாயால் சமாதானம் சொல்லாமல், ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் தந்தியை மீட்டவில்லை. கன்றின் முதுகைத் தடவுவதுபோலக் கழுத்தின் பின்புறத்தைத் தடவி, "இது தடிப்பு", "இது தலைப்பக்கம் சாயுது", "இது கைக்கு நல்லா இருக்கு" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சணம் சொல்லிக்கொண்டே போனார். பட்டணத்து வாத்தியக் கடைகளில் இத்தனை நுட்பமாகச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். அவர் கைக்கு நல்லது என்று சொன்ன அந்த ஒன்று, எட்டிலும் விலை குறைந்தது. எட்டிலும் அதிகமாகப் பிரித்துச் சேர்க்கப்பட்டது. அதைப் பற்றித்தான் இன்று விஸ்தாரமாக எழுத விரும்புகிறேன். மற்ற ஏழும் இடையிடையே வந்துபோகும்.

மின்சாரக் கித்தாரின் நாதத்தை நான் முதன்முதலாகக் கேட்டது 1984ஆம் வருஷம், எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்துவந்த என் தந்தையார், பதினொரு வயதுச் சிறுவனாகிய என்னைக் கையைப் பிடித்து மெல்லிசைக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றார். பாட்டு ஆரம்பமாகுமுன், மேடையில் நின்ற ஒருவர் தம் சிவப்புக் கித்தாரின் இடுப்பில் ஒரு வயரைச் செருகியதுதான் தாமதம், பந்தற்காலில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை எழுந்து, கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில் தம்புராவின் சுருதியைப்போல நின்றது. அவர் தந்தியைத் தொட்டதும் அந்த ஓசை அடங்கிவிட்டது. விரலை எடுத்ததும் மீண்டும் வந்தது. பாட்டுகள் ஒன்றுகூட எனக்கு ஞாபகத்தில் இல்லை. அந்த ரீங்காரம் மாத்திரம் இன்னும் காதில் இருக்கிறது.

அது குறை என்பதும், வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவதைக் கித்தாரின் காயில் வாங்கிக்கொண்டு பாடுகிறது என்பதும், மேல்நாட்டார் ஜி என்று குறிக்கிற ஸ்வரத்தின் கீழ் ஸ்தாயி விநாடிக்கு 49 அதிர்வுகள் கொண்டதாகையால் நம் நாட்டு ரீங்காரம் அந்த ஸ்வரத்தை ஒட்டி நிற்க, 60 முறை அலையும் அமெரிக்க மின்சாரத்தின் ரீங்காரம் வேறு ஸ்வரத்தில் நிற்கிறது என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயங்கள். தந்தியைத் தொட்டால் ஏன் அடங்கிற்று என்பதற்கும் காரணம் உண்டு. தந்திகள் எல்லாம் உள்ளே ஒரு வயரால் கருவியின் எர்த்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், தொடுகிறவனுடைய சரீரமும் அந்த எர்த்தோடு சேர்ந்துகொள்கிறது.

எங்கள் பழைய மதுரை மாவட்டத்தில் கித்தார் அந்நிய வஸ்துவாக அப்போதே இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் பயின்று, சலில் சௌத்ரி முதலியோரின் ஒலிப்பதிவுகளில் கித்தார் வாசித்துப் பழகியபின் 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தவர். அவருடைய பாட்டுகள் வழியாக, கித்தாரைக் கண்ணால் பாராத வீடுகளிலும் அதன் குரல் பழகிப்போயிருந்தது. டீக்கடை வாசலில் நின்று, பாட்டை விட்டுவிட்டு அதற்கு அடியில் ஓடும் கித்தாரை மாத்திரம் பின்தொடர்ந்த பையன்கள் எங்கள் ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லை.

1991இல், மதுரை செல்லூரில், மெல்லிசைக் குழுவை விட்டு விலகிய ஒருவரிடமிருந்து என் முதல் மின்சாரக் கித்தாரை 1,100 ரூபாய்க்கு, இரண்டு தவணையாக வாங்கினேன். வெளிநாட்டுக் கித்தார்கள் அந்நாளில் கப்பலில் வேலை பார்ப்போரும் சிங்கப்பூர் சென்று திரும்புவோரும் கொண்டுவந்தால்தான் உண்டு. எனக்கு வாய்த்தது கல்கத்தாவில் செய்யப்பட்டது. தலையிலிருந்த பெயர்ச்சீட்டு என்றோ உதிர்ந்துபோயிருந்தது. தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு பென்சிலை நுழைக்கலாம். மூன்று பிக்கப்புகளில் நடுவிலிருந்தது ஊமை. வால்யூம் திருகியைத் தொட்டால் அடுப்பில் கடுகு பொரிகிற சத்தம் வரும். எனினும் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அலங்காநல்லூர் பஸ்ஸில் வீடு திரும்பிய அந்த ஒரு மணி நேரத்தில் நான் அடைந்த ஆனந்தத்தை, பின்னால் அதைப்போல் ஐம்பது மடங்கு விலை கொடுத்து வாங்கிய கருவி எதுவும் தந்ததில்லை.

அந்தக் கித்தார், 1954இல் லியோ ஃபெண்டர் என்பவர் கலிபோர்னியாவில் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கருவியின் சாயலில் செய்யப்பட்டது. ஃபெண்டர் கித்தார் வாசிக்கத் தெரியாதவர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அதனாலேயே போலும், வாத்தியம் செய்பவர்கள் அதுவரை பெரும்பாலும் பசை வைத்து ஒட்டிவந்த கழுத்தை அவர் நாலு திருகாணிகளால் உடம்போடு பூட்டினார். பிக்கப்பு, வால்யூம், சுவிட்சு அனைத்தையும் ஒரே பிளாஸ்டிக் தட்டில் மாட்டி, தட்டைக் கழற்றினால் கருவியின் குடல் முழுவதும் கையோடு வரும்படி செய்தார். பழுதானால் கழற்றி மாற்றலாம் என்பது அவருடைய யோசனை. பழுதாகாவிட்டாலும் கழற்றி மாற்றத் தூண்டுகிறது அந்த அமைப்பு. உலகத்தில் கித்தாரை மாற்றியமைக்கும் கலை இத்தனை பேருக்குக் கைவந்ததற்குத் திருகாணி நாலும் முக்கிய காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஊமைப் பிக்கப்பைக் கழற்றிக்கொண்டு நான் போனது வாத்தியக் கடைக்கு அல்ல. பஸ் நிலையத்துக்கு அருகே பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் மாமாவின் பட்டறைக்கு. அம்மா வழியில் தூரத்து உறவு. பெரியாறு பாசனத்துக் கால்வாய்த் தண்ணீர் வராத மாதங்களில் கிணற்று மோட்டார்கள் ஒன்று மாற்றி ஒன்று கருகி அவரிடம் வந்து சேரும். வார்னிஷ் வாடையும் கருகிய எனாமல் வாடையும் அந்த இடத்துக்கே உரியவை. பிக்கப்பை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்னா மாப்ளே இது, முடிக் கயிறு மாதிரி இருக்கு?"

"கம்பிதான் மாமா. காந்தத்தைச் சுத்திக் கட்டியிருக்கு. தந்தி ஆடுனா இதுல கரண்டு பிறக்கும்."

"அப்ப இது டைனமோ."

ஒரே வார்த்தையில் அவர் சொன்னது சத்தியம். காந்தப் புலத்தில் இரும்பு அசைந்தால் பக்கத்திலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்று 1831இல் ஃபாரடே கண்ட தத்துவத்தின்மேல்தான் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1930களின் தொடக்கத்தில், ரிக்கன்பாக்கர் என்னும் தொழிலதிபரோடு சேர்ந்து, வறுசட்டி போன்ற உருவத்தில் அலுமினியத்தால் வார்த்த முதல் மின்சாரக் கித்தாரைச் செய்து விற்றார். உரிமைப் பட்டயம் கிடைத்தது 1937இல். அந்தச் சரித்திரம் ஒன்றும் மாமாவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

வேலை செய்யும் பிக்கப்பை மீட்டரில் வைத்துப் பார்த்தார். ஆறாயிரம் ஓமுக்குச் சற்றுக் குறைவு. மைக்ரோமீட்டரில் கம்பியின் கனத்தை அளந்தார். மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்கு, அதாவது தலைமயிரின் பருமன். "நாப்பத்தாறு கேஜு. எங்க கிட்ட ஓடுறது இருபது, இருபத்திரண்டு" என்றவர், பழைய ரிலே ஒன்றின் காயிலை எங்கிருந்தோ தேடி எடுத்தார். ஒரு சுற்றின் சராசரி நீளத்தை நூலால் அளந்து, கணக்குப் போட்டு, எட்டாயிரம் சுற்று வரும் என்றார்; ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் கம்பி, தீப்பெட்டியைக் காட்டிலும் சற்றே நீண்ட சட்டத்துக்குள் அடங்கவேண்டும். பின்னாளில் நான் படித்தபோது, ஃபெண்டர் ஆலையிலும் சுற்றுகள் அந்தக் கணக்கையே ஒட்டியிருந்தன என்று அறிந்து, அந்தப் பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சிறிய டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் கைப்பிடி இயந்திரத்தில், கம்பியை வெல்வெட்டுத் துண்டின் நடுவே நழுவவிட்டு, இரவு ஒன்பது மணிக்குமேல் மோட்டார் வேலை ஓய்ந்தபின் மாமா சுற்ற ஆரம்பித்தார். மூன்று இரவுகள். இரண்டு முறை கம்பி அறுந்து, நுனியை நெருப்பில் காட்டி எனாமலைப் போக்கி, சால்டர் வைத்து ஒட்டி மீண்டும் தொடங்க நேர்ந்தது. மூன்றாம் இரவு, ஏழாயிரத்துச் சொச்சத்தில், எண்ணியின் பல் ஒன்று நழுவிக் கணக்குத் தவறிவிட்டது. மாமா வெகுநேரம் யோசித்தார். மோட்டாரில் சுற்றுக் குறைந்தால் காயில் அதிகக் கரண்டை இழுத்துக் கருகிவிடும்; ஆகவே காயில் கட்டுகிறவன் சந்தேகம் வந்தால் கூட்டுவானே தவிரக் குறைக்கமாட்டான். "கொறஞ்சா ஆகாது மாப்ளே, கூடட்டும்" என்று சொல்லி, மனத்தில் பட்ட அளவுக்கு இன்னும் சில நூறு சுற்றுகளை ஏற்றினார்.

மோட்டார்க் காயிலைப்போல வார்னிஷில் முக்கிச் சுடவைக்கலாம் என்றார். நான் தேன்மெழுகு கேட்டேன். சுற்றுகள் அசையாமல் கெட்டிப்பட்டிராவிட்டால், ஒலிபெருக்கியின் முன் போய் நின்றதும் காயிலே மைக்கைப்போல வீறிடும் என்பதற்காக மேல்நாட்டார் செய்வது அது. வீட்டு மெழுகுவத்தியோடு நாட்டுத் தேன்மெழுகைச் சேர்த்து, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, பிக்கப்பை முக்கி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். கூலி கேட்டதற்கு, "கோயில்ல நீ வாசிக்கும்போது என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன்.

அன்றுமுதல் நடுப் பிக்கப்பின் குரல் மற்ற இரண்டிலிருந்தும் வேறாகிவிட்டது. சுற்று மிகுந்தால் ஒலியின் பலம் மிகும். ஆனால் உச்ச ஸ்தாயியின் மினுமினுப்புக் குறைந்து, குரல் கனத்து, சற்றே தொண்டை கட்டியதுபோல வரும். கடையில் வாங்கும் கித்தாரில் அந்தக் குரலைக் கேட்டால் குறை என்று சொல்வார்கள். எனக்கோ, அதை எடுத்துவிட்டு ஒழுங்கான ஒன்றைப் போடுவதற்குக் கை வரவேயில்லை.

ரீங்காரத்தை அடக்குவது அடுத்த பிரயாசை. கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த ஸெத் லவர் என்பவர், காந்தத்தின் திசையும் கம்பி சுற்றிய திசையும் ஒன்றுக்கொன்று எதிரிடையாக அமைந்த இரண்டு காயில்களை இணைத்து, ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் தந்தியின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளவும் 1955இலேயே உபாயம் கண்டு உரிமைப் பட்டயத்துக்கு விண்ணப்பித்தார்; அது நல்ல வழிதான், ஆயினும் இரட்டைக் காயிலின் குரல் வேறு ஜாதி. ஒற்றைக் காயிலையே வைத்துக்கொண்டு ரீங்காரத்தைக் குறைக்கவேண்டுமென்றால், கருவியின் குழிகளுக்குள் செம்பு ஒட்டி, அதை எர்த்தோடு இணைக்கவேண்டும். செம்புத் தகட்டுக்கு நான் எங்கே போவேன்? மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, புதுமண்டபத்துத் தூண்களின் நடுவில் கடைகள் நெருங்கியிருந்த காலம் அது. அவை குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு இடம் மாறுவதற்கு வெகுநாள் முன்பு. அங்கே யந்திரம் வரையும் செப்புத் தகட்டை மெல்லியதாகக் கேட்டு வாங்கினேன். எந்தச் சுவாமிக்கு என்று கடைக்காரர் பக்தியோடு விசாரித்தார். சரஸ்வதிக்கு என்றேன், அதில் பொய் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பொரிகிற வால்யூமை மாற்றியது, பழைய வால்வு ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்த ஐந்து லட்சம் ஓம் திருகியைக் கொண்டு. ஒற்றைக் காயிலுக்கு வழக்கமாகப் போடுவது இரண்டரை லட்சம் ஓம். கூடுதல் ஓம் ஒலியின் உச்சத்தை அதிகம் வெளியே விடும். மாமாவின் காயில் கனத்துப் போனதால் இழந்த மினுமினுப்பில் கொஞ்சத்தை இது தற்செயலாக மீட்டுத் தந்தது. மெட்டுகளைச் சமப்படுத்தும் சிறு அரங்களைத் தெற்கு ஆவணி மூல வீதியில் நகை செய்யும் ஆசாரி ஒருவரிடம் இரவல் பெற்றேன். தந்திகள் தலைப்பக்கத்தில் அமரும் நட் என்னும் சிறு கட்டையை மாட்டெலும்பால் செய்வது மேல்நாட்டு வழக்கம். காளை இறந்தால் மாலையிட்டு, மேளம் கொட்டி அடக்கம் செய்யும் எங்கள் ஊரில் அதற்கு மனம் ஒப்பாமல், பித்தளையில் கடைந்து வைத்துக்கொண்டேன். பித்தளையிலும் செய்வது உண்டு என்பதும், திறந்த தந்தியின் ஒலிக்கு அது ஒருவித மணியோசையைக் கூட்டும் என்பதும் பிறகு தெரியவந்தன.

இத்தனையும் கருவியை ஒழுங்குபடுத்திய கதை. அதை எனக்கு உரியதாக்க முயன்ற கதை வேறு. அதில் ஒரு கழுத்தை நான் பாழாக்கினேன்.

வீணையை அறிந்தவர்களுக்கு நான் செய்ய முயன்றது எளிதில் விளங்கும். வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல; தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மேளத்தின்மேல் உயர்ந்து நிற்பவை. சில வருஷங்களில் மெழுகு இளகியோ தேய்ந்தோ போனால், சுருதி ஞானமுள்ள ஆசாரி வந்து மேளம் கட்டித் தருவார். வீணை என்பது பட்டறையை விட்டு வெளியேறியதோடு முடிந்துபோன பண்டம் அன்று என்பதை நம் சம்பிரதாயம் எப்போதோ ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த மெட்டின் உயரத்தினால்தான் தந்தியை ஒரே இடத்தில் வைத்துப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைக் கமகமாக எழுப்ப முடிகிறது. கித்தாரிலோ மெட்டுகள் தாழ்ந்தவை. விரல் நுனி தந்தியோடு மரத்தையும் தேய்க்கிறது. மரத்தை மெட்டுக்கு மெட்டு உட்குழிவாகச் செதுக்கிவிட்டால் விரல் தந்தியை மட்டும் தொடும். 1970களில் எல். சங்கர், ஜாகிர் ஹுசேன், விக்கு விநாயகராம் ஆகியோரோடு சக்தி என்னும் குழுவை நடத்திய ஜான் மக்லாஃப்லின், வீணையை உத்தேசித்தே தம் கித்தாரை அவ்விதம் செதுக்கவைத்தார்.

நானும் அரைவட்ட அரத்தை எடுத்தேன். ஆழத்தைப் பற்றிய நிதானம் இல்லாமல், கோடை விடுமுறையின் உற்சாகத்தில், பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே தேய்த்துக்கொண்டே போனதில், மரம் மெலிந்து, சித்திரை வெயிலில் கழுத்து வில்லாக வளைந்தது. உள்ளே ஓடும் இரும்புத் தண்டை எவ்வளவு முறுக்கியும் நிமிரவில்லை. அந்தக் கழுத்தை இன்னும் வைத்திருக்கிறேன். நாலு திருகாணி என்பதால் உடம்பு பிழைத்தது.

அந்த வருத்தத்தில் இருந்த நாட்களில்தான் மாண்டலின் ஸ்ரீநிவாஸின் ஒலிநாடாக்களை இரவு பகலாகக் கேட்டேன். 1969இல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்து, ஒன்பது வயதில் அரங்கேறி, சென்னையில் வளர்ந்த அந்த மேதை, நாலு ஜோடித் தந்திகள் கொண்ட மேல்நாட்டு மாண்டலினில் கமகம் நிற்காது என்று கண்டு, ஜோடிகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளும் திண்மையான உடம்பும் பிக்கப்பும் கொண்ட மின்சார மாண்டலினைத் தம் கருவியாக்கிக்கொண்டார். ஜோடித் தந்திகளை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு நகர்வதில்லை, சுருதி பிசகும். ஒற்றைத் தந்தி விரலின் சொற்படி நடக்கும். மாற்றம் இவ்வளவுதான். ஆனால் அதைச் செய்வதற்கு முன் அவருக்குக் காதில் சங்கீதம் இருந்தது. கருவியில் எது தடையாக நிற்கிறது என்று அது சொல்லிற்று. எனக்கோ அரம் முதலில் வந்தது. ராணிப்பேட்டையிலிருந்து வந்த பிரசன்னா, மின்சாரக் கித்தாரிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்வதைக் கேட்டபோது, தடை என்று நான் எண்ணியவற்றில் பல விரலில் இருந்தனவே ஒழிய மரத்தில் இருக்கவில்லை என்பதும் புலனாயிற்று. அன்றுமுதல், ஒரு கருவியை ஒரு வருஷமாவது உள்ளபடியே வாசிக்காமல் அதன்மேல் உளி படுவதில்லை என்று நியமம் வைத்துக்கொண்டேன்.

பாழான கழுத்தின் விரற்பலகை தோதகத்தி. ஈட்டி என்றும் சொல்லும் அந்த மரம், நீலகிரி, வயநாடு முதலிய நம் மேற்கு மலைகளில் விளைந்து, கப்பலேறி, உலகத்தின் பெரிய கித்தார் ஆலைகளுக்கெல்லாம் போகிறது; பிரேசில் தேசத்து ஈட்டி அருகிப்போனபின் அவர்கள் கை நம் மரத்தின்மேல்தான் விழுந்தது. 1994ஆம் வருஷத்துச் சட்டம், தமிழ்நாட்டில் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் அனுமதியில்லாமல் வெட்டலாகாது என்று விதித்தது. 2017 ஜனவரியில் அந்த மர இனம் முழுவதும் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வந்தபோது, கித்தார் ஒன்றை விற்பனைக்காக எல்லை தாண்டி அனுப்பவும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டு, 2019 நவம்பரில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. நான் அலட்சியமாகத் தேய்த்துத் தூளாக்கியது எப்பேர்ப்பட்ட மரம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

சேகரிப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. பழைய கித்தார்களைச் சேர்ப்போரிடையே, ஆலையிலிருந்து வந்த திருகாணிகூட மாறாமல் இருப்பதற்குத்தான் மதிப்பு. வர்ணத்தை மாற்றிப் பூசியிருந்தால் விலையில் பாதி போய்விடும் என்பது வியாபாரிகளின் வாய்பாடு. அந்தக் கொள்கையை நான் இகழவில்லை. 1950களின் கருவிகள் எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சி வேண்டும் அல்லவா? ஆனால் ஏலத்தில் மிகப் பெரிய விலைக்குப் போனவற்றைப் பாருங்கள். எரிக் கிளாப்டன் மூன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் நல்ல அங்கங்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்ட கறுப்புக் கித்தார் 2004இல் 9,59,500 டாலருக்கு விற்றது. 2019இல் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போன டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர், கழுத்து மாறி, பிக்கப்பு மாறி, தட்டு மாறி, துளையிட்டு அடைத்து, ஏறக்குறைய எல்லாமே மாறிப்போன கருவி. தொடாமல் காப்பாற்றப்பட்டதன் விலையல்ல அது; ஒரு மனிதர் பல வருஷம் தம் காதுக்கு இணங்க அதைத் தொட்டுக்கொண்டே இருந்ததன் விலை.

எனக்கு மிகவும் பிரியமான உதாரணம் பிரையன் மே. 1963இல், பதினாறு வயதில் தொடங்கி, வாங்கப் பணம் இல்லாமையால், பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தைக் கழுத்தாகச் செதுக்கி, மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகளைத் தந்தியின் இழுவைக்கு ஈடாக வைத்து, தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களை விரற்பலகையில் பதித்து, தந்தையாரும் அவருமாகச் செய்த அந்தக் கித்தாரையே வாழ்நாள் முழுவதும் உலக மேடைகளில் வாசித்துவருகிறார். பாட்டியின் வீட்டை இடித்தபோது கிடைத்த பலாப்பலகையில் நான் எட்டாவது கித்தாருக்கு உடம்பு அறுக்கத் துணிந்தது அவரை நினைத்துத்தான். தஞ்சாவூர் வீணைக்கு ஆகிற மரம் கித்தாருக்கு ஆகாதா என்ற எண்ணமும் உடன் இருந்தது.

நடுவிலுள்ள ஆறும் பெரும்பாலும் மெல்லிசைக் குழுக்களிலிருந்து வந்தவை. கீபோர்டு ஒன்றே பத்து வாத்தியங்களின் ஒலியைத் தரத் தொடங்கியபின் குழுக்களில் கித்தார்க்காரர்களுக்கு வேலை குறைந்தது. பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் போன கித்தார்களை, திண்டுக்கல், தேனி, பரமக்குடி என்று தேடிச்சென்று வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: வர்ணத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தந்தி என்னும் நூலுக்கு எதிரே மரம் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள், ஒயரைச் செருகி ஒவ்வொரு பிக்கப்பையும் இரும்புத் திருப்புளியால் மெல்லத் தட்டுங்கள், உயிர் இருந்தால் ஒலிபெருக்கியில் 'டொக்' என்று கேட்கும். கழுத்தும் மரமும் நன்றாக இருந்தால் மற்றவை எல்லாம் நம் கையில். எடுத்த பழைய பாகங்களை எறியாமல் காகிதத்தில் பொதிந்து தேதி எழுதி வையுங்கள். விற்கிறவர் கடைசியாக ஒரு முறை வாசிக்க விரும்பினால், அவர் போதும் என்று வைக்கும்வரை காத்திருங்கள். பரமக்குடியில் ஒருவர் ஒன்றரை மணி நேரம் வாசித்தார், நான் விலையைப் பேசவே இல்லை, அவர் சொன்னதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்ற வருஷத் திருவிழாவில், குழுவின் கித்தார்க்காரர் வர இயலாமற்போனதால், இரண்டு பாட்டுக்கு நிற்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். முதல் கித்தாரைத்தான் எடுத்துச் சென்றேன். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் மாமாவை, முப்பது வருஷத்துக்கு மேலாக நான் நிறைவேற்றாமல் வைத்திருந்த சொல்லை நினைத்து, கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசை நாற்காலியில் அமர்த்தினேன். தாம் சுற்றிய காயிலின் குரலை ஆம்ப்ளிஃபயர் வழியாக அவர் அதற்குமுன் கேட்டதே இல்லை. இரண்டு பாட்டையும் நடுப் பிக்கப்பிலேயே வாசித்தேன். யந்திரத் தகடு போட்டும் ரீங்காரம் முற்றிலும் போகவில்லை; சீரியல் பல்புகளின் நடுவே மெலிதாக இருந்துகொண்டே இருந்தது.

இறங்கி வந்தபோது அவர் புகழ்ச்சியாக ஒன்றும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, கேட்டது இன்னும் காதில் ஓடிக்கொண்டிருப்பதுபோல, கொஞ்ச நேரம் இருந்தார்.

"மாப்ளே, அன்னைக்கு எண்ணி நழுவுச்சுல்ல. சுத்து கூடிப்போச்சு. கொரல் கொஞ்சம் கட்டுது."

"ஆமா மாமா."

"எரநூறு சுத்துப் பிரிச்சா தெளிஞ்சுரும். கண்ணுதான் தெரியமாட்டேங்குது. பேரனை உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தா பிரிச்சுருவான். கொண்டா நாளைக்கு."

"வேணாம் மாமா, அது அப்படியே இருக்கட்டும். பலாப்பலகைக் கித்தாருக்கு இன்னும் பிக்கப் கட்டல. அதுக்குப் பேரனைச் சுத்தச் சொல்லுவோம். நீங்க பக்கத்துல இருந்து எண்ணுங்க."

மாமா கைத்தடியைத் தேடினார். "நாப்பத்தாறு கேஜு இப்ப எங்க கெடைக்குது, அதைப் பாரு முதல்ல" என்றார்.